டி. பி. ராஜலக்ஷ்மி அம்மையார்: தமிழ்த் திரையின் முதற் பெண் நெறியாளர்

திரைக்கலைஞர் ஒருவரைப் போற்றுதற்கு இக்காலத்திற் கையாளப்பெறும் வழிகளுள் பின்னோக்குத் திரைவிழா என்பதும் ஒன்று. அக்கலைஞர் நடித்தனவும் நெறிப்படுத்தினவுமாகிய படங்களைத் தேடித் தொகுத்து, அவை தோன்றிய கால அடைவில் வைத்து, ஒரு மண்டபத்திற் சில நாட்கள் தொடர்ந்து காட்டுவர். ஓவியனொருவனின் சித்திரங்களை வரிசையாக ஒரு சுவரில் தூக்கிவைத்துப் பார்ப்பதனை ஒத்தது இது. தனித்தனியே பார்த்தபோது புலப்படாத வளர்ச்சியும் தளர்ச்சியும் ஒருங்கு பார்க்கும்போது புலனாகும். நடிகையென்று மாத்திரம் உலகம் அறிந்திருந்த ஒருவர் நெறியாளராகவும் விளங்கினாரென்னும் உண்மை, இத்தகைய விழாக்களினாலேயே பல நாடுகளில் வெளிப்போந்தது. அமெரிக்க நாட்டு நடிகை ஐடா லுபினோ இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அவர் 1949 தொடக்கம் படங்களை நெறிப்படுத்தினார். 1953இல் வெளிவந்த ‘தி ஹிட்ச் ஹைக்கர்’ அவர் ஆக்கியதே. எனினும் நெடுங்காலம் அவர் நடிகையாகவே எண்ணப்பட்டார். படங்களை மீண்டும் மீண்டும் திரையிட்டுக் கண்ட பின்னரே அவர்தம் நெறியாள்கைத் திறம் ஆராய்ச்சியாளரின் கருத்திற் பதிந்தது.

இவ்விழாவுக்கு இன்றியமையாதது படச்சுருள். அஃது இல்லாதவிடத்துச் சொற்பொழிவு நிகழலாம், மலர் வெளியிடலாம், திருவுருவப் படத்துக்கு மாலை சூட்டலாம், விழா நிகழாது. தமிழ்ப் பேசும்படத்தின் முதற் கதாநாயகியும், தென்னிந்தியாவிற் படத்தை நெறிப்படுத்திய முதற் பெண்மணியுமாகிய டி. பி. ராஜலக்ஷ்மி அம்மையாரைப் பொறுத்தவரையில் நேர்ந்திருப்பது இதுவே. அவர் நடித்த முதற் பேசும்படமும் இன்று இல்லை. அவர் முதன்முதல் நெறிப்படுத்திய படமும் இன்று இல்லை. ஆதலின் அவர் வரலாற்றை எழுதப் புகுவோர் காணாத கலையைக் கண்டோர் வாய்மொழிகொண்டும் அச்சிட்ட தாள்கொண்டும் அளக்க வேண்டியவராகின்றனர்.

அம்மையார் 1911ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11ஆம் நாள் தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றிற் பிறந்தவர். தந்தையார் பஞ்சாபகேச சாஸ்திரிகள், கணக்கர் பதவியிலிருந்தவர். பெயரின் முன்னெழுத்துக்கள் இரண்டும் ஊரையும் தந்தையையும் குறிப்பன. தியாகராஜ சுவாமிகள் வாழ்ந்து மறைந்த ஊரிற் பிறந்த பெண்ணுக்குப் பாட்டுக் கேள்வியாலேயே வாய்த்தது வியப்பன்று. அக்கால வழக்கப்படி சிறுமியாயிருந்தபோதே அவருக்கு மணம் செய்வித்தனர்; அம்மணம் நிலைக்கவில்லை. தந்தையார் காலமானபின் தாயாருடன் திருச்சிராப்பள்ளி சென்று, சி. எஸ். சாமண்ணா ஐயரின் நாடகக் குழுவிற் சேர்ந்தார். அக்குழுவில் அவருக்கு இடங் கிடைக்கத் துணைநின்றவர் நாடகத் தலைமையாசிரியரெனப் போற்றப்பெறும் சங்கரதாஸ் சுவாமிகள் என்பர்.

வைதிகக் குடும்பத்துப் பெண்ணொருத்தி கூலிக்கு மேடையேறுதல் அக்காலத்தில் எத்துணை இழிவாகக் கருதப்பட்டதென்பதை இன்றைய மாணவர் உணர்தல் எளிதன்று. கும்பகோணத்துப் பாலாமணி அம்மையார் முற்றும் பெண்களாலாகிய நாடகக் குழுவொன்றை முன்னரே நடத்திப் பெரும்புகழ் ஈட்டியிருந்தார். ஆயினும் நாடகக் கொட்டகைகள் பெரும்பாலானவற்றிற் பெண்வேடம் ஆண்பிள்ளைக்கே உரியதாயிருந்தது. வன்னி நாட்டார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் கண்ணகியும் மாதவியும் ஆடவர் வேடமாகவே நெடுங்காலம் ஆடப்பட்டு வந்தனர். அக்களரியில் நின்று நோக்கினால், 1920களில் ஒரு பெண் தானே வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் தோன்றிப் பாடியமை எத்துணைப் பெரிய மாற்றமென்பது விளங்கும். இம்மாற்றத்தின் அலை கடல்கடந்து ஈழத்துக்கும் வந்தது. கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரும் எஸ். ஜி. கிட்டப்பாவும் முதன்முதல் ஒருங்கு நடித்தது 1926இற் கொழும்பு மேடையிலேயாம். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மரபு யாழ்ப்பாணத்தில் இசை நாடகம் என வேரூன்றி, பின்னாளில் வி. வி. வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ வரை தழைத்தது யாவரும் அறிந்ததே.

சென்னையில் ஏ. நாராயணன் ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனத்தை 1929இல் தொடங்கினார். அவர் எடுத்த ‘கோவலன்’ என்னும் ஊமைப்படத்தில் ராஜலக்ஷ்மி மாதவியாகத் தோன்றினார். அடுத்து ‘உஷாசுந்தரி’யிலும் நடித்தார். பாட்டினாற் புகழ்பெற்ற ஒருவரைப் பாட்டே கேளாத படத்தில் நிறுத்தியது ஒருவகை முரண்தான். கண்ணாலும் கையாலும் கருத்துணர்த்தும் பயிற்சி அவருக்கு அங்கேதான் கிடைத்திருத்தல் வேண்டும்.

இந்தியாவின் முதற் பேசும்படமாகிய ‘ஆலம் ஆரா’ 1931 மார்ச் 14ஆம் நாள் பம்பாயில் வெளியாயிற்று. அதனைத் தயாரித்த அர்தேஷிர் இரானி தென்னாட்டு மொழிகளிலும் படமெடுக்க விழைந்து, எச். எம். ரெட்டியை நெறியாளராக அமர்த்தி, இம்பீரியல் மூவிடோன் படப்பிடிப்பகத்திலேயே ‘காளிதாஸ்’ என்னும் படத்தை எடுத்தார். அரசகுமாரி வித்யாதரியாக ராஜலக்ஷ்மியும் காளிதாசனாகப் பி. ஜி. வெங்கடேசனும் நடித்தனர். பின்னாளிற் பெரும் நெறியாளராக விளங்கிய எல். வி. பிரசாத் அதிற் கோயிற் பூசகராக வந்தார். 1931 ஒக்ரோபர் 31ஆம் நாள் சென்னைக் கினிமா சென்ட்ரல் அரங்கில் அஃது திரையிடப்பட்டது. படப்பெட்டி பம்பாயிலிருந்து வந்தபோது மக்கள் பூவும் தூபமும் கொண்டு எதிர்கொண்டனரென ஒரு செய்தி வழங்கும். புதுத் தெய்வம் ஊருக்கு எழுந்தருளுமாப் போலே அப்பெட்டியை மக்கள் கண்டனர் போலும்.

இப்படத்தைத் தமிழின் முதற் பேசும்படமெனக் கொள்ளலாமா என்பது இன்றளவும் வாதத்துக்குரியதாகவே உள்ளது. கதாநாயகன் பேசியது தெலுங்கு; கதாநாயகி பேசியது தமிழ். பாடப்பட்ட பாட்டுக்களிலோ தியாகராஜ கீர்த்தனைகளும் இருந்தன. காந்தியடிகளின் இராட்டினத்தைப் புகழும் தேசியப் பாட்டும் இருந்தது. காளிதாசன் காலத்து அரசகுமாரிக்கும் இராட்டினத்துக்கும் என்ன இயைபு என்று எவரும் வினவினாரல்லர். அப்பாட்டு மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றியது. மேடையில் முன்னரே கைதட்டல் பெற்றது. அதனைப் பாடும் குரல் இப்பொழுது இயந்திரத்திலிருந்து வருகின்றது என்பதே கேட்போருக்குப் போதியதாயிற்று. ஒரு கருத்தை மாத்திரம் இங்கே வற்புறுத்தலாம். ‘காளிதாஸ்’ தமிழ்ப்படமென எண்ணப்படுதற்குரிய காரணங்களுள் தலையாயது ராஜலக்ஷ்மியின் வாய்மொழியே. அவர் பேசிய பகுதியை நீக்கிவிட்டால் அப்படத்தைத் தமிழர் உரிமைகொண்டாடுதற்கு மிஞ்சுவது மிகச் சிறிது. ஒரு மொழியின் திரைவரலாறு ஒரு பெண்ணின் குரலோடு தொடங்கிற்று என்பது மிகையன்று.

1933இற் கல்கத்தாவில் எடுக்கப்பெற்ற ‘வள்ளி திருமணம்’ அவருக்குப் பெரும்பொருளும் பெரும்பெயரும் தந்தது. மேடையில் நூற்றுக்கணக்கான இரவுகள் ஆடிப் பழகிய கதை அது. திரையிலும் வென்றமை இயல்பே. அதில் உடன்நடித்த டி. வி. சுந்தரத்தை அவர் மணந்தார். ‘திரௌபதி வஸ்திராபகரணம்’ முதலிய படங்கள் தொடர்ந்தன. ‘சினிமா ராணி’ என்று மக்கள் அவரை அழைக்கத் தொடங்கினர்.

இந்நிலையில் ஒரு நடிகை மேலும் புகழ் தேட வேண்டுவதில்லை. ஆனால் அம்மையார் 1936இல் ‘மிஸ் கமலா’ என்னும் படத்தைத் தொடங்கினார். கதை அவருடையது, ‘கமலவல்லி’ என்று தாமே எழுதிய நாவலை அடிப்படையாகக் கொண்டது. ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் என்னும் தம் நிறுவனத்தின் பெயரால் தாமே முதலிட்டுத் தயாரித்தார், தாமே கதாநாயகியாகத் தோன்றினார், தாமே நெறிப்படுத்தினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

இதன் அருமையை உணர்தற்கு அவ்வாண்டின் தமிழ்த் திரையைச் சற்று நோக்குதல் வேண்டும். தமிழ்ப் படங்களுட் பெரும்பாலன புராணக் கதைகள். இக்காலத்து வாழ்க்கையைப் பொருளாகக் கொண்ட படங்கள் 1935இல் வந்த ‘மேனகா’ முதலாகச் சிலவே. 1936இல் வெளியான ‘சதி லீலாவதி’யை நெறிப்படுத்தியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழறியாத ஆடவரொருவர் தமிழ்ப்படத்தை நெறிப்படுத்துதலை இயல்பென ஏற்ற திரையுலகம், தமிழறிந்த பெண்ணொருத்தி அத்தொழிலைச் செய்வதனைப் புதுமையெனப் பார்த்தது. படக்கருவியாளரும் ஒலிப்பதிவாளரும் ஒப்பனையாளரும் ஆடவராயிருந்த படப்பிடிப்பகத்தில், ‘நிறுத்துக’ என்றும் ‘மறுபடியும் எடுக்க’ என்றும் ஒரு பெண் ஆணையிடுதல் சிறிய செய்தியன்று. அதனைக் காட்டிலும் பெரிய செய்தி கதையே. காதலும் கட்டாய மணமும் மோதுகின்ற ஒரு சமூகக் கதையை, சிறுமணத்தின் துயரைத் தாமே அறிந்த ஒருவர், வள்ளிக்கும் திரௌபதிக்கும் நடுவில் நின்று துணிந்து எடுத்தார். இதனை வெறும் வணிகம் என ஒதுக்குதல் பொருந்தாது.

‘முதல்’ என்னும் அடைமொழியை வழங்கும்போது ஆராய்ச்சியாளர் கைநடுங்குதல் நன்று. இந்தியா முழுவதையும் நோக்கினால் முதன்மை பாத்திமா பேகத்துக்கு உரியது. 1922இல் ‘வீர அபிமன்யு’வில் நடித்த அவர், 1926இற் பாத்திமா பிலிம்ஸ் என்னும் நிறுவனத்தை அமைத்து ‘புல்புலே பரிஸ்தான்’ என்ற ஊமைப்படத்தை நெறிப்படுத்தினார். ஆகவே ராஜலக்ஷ்மி அம்மையாருக்கு உரியது தென்னிந்தியாவின் முதற் பெண் நெறியாளர் என்னும் இடம். பத்தாண்டு இடைவெளியில் வடக்கே ஒருவரும் தெற்கே ஒருவருமாக நடிகையர் இருவர் இத்தொழிலை மேற்கொண்டனர். ‘புல்புலே பரிஸ்தா’னும் இன்று இல்லை என்பது இருவர்க்கும் பொதுவாகிய விதி.

‘மிஸ் கமலா’ அம்மையாருக்கு ஈட்டிக் கொடுத்த பெயரளவுக்குப் பொருள் ஈட்டிக் கொடுத்ததாகத் தோன்றவில்லை. 1939இல் ‘மதுரை வீரன்’ கதையையும் அவர் படமாக்கினார். அதன்பின் அவர் திரைவாழ்வு தேய்ந்தது. புதிய நடிகையர் வந்தனர். பின்னணிப் பாடகர் முறை வந்தது. தாமே பாடி நடிக்கும் தலைமுறை மேடையைப் போலவே பின்னடைந்தது. பின்னாளிற் கலைமாமணி எனப் பெயர்பெற்ற மாநில விருது 1961இல் அவருக்கு அளிக்கப்பட்டது. 1964இல் அவர் காலமானார்.

படங்கள் எவ்வாறு அழிந்தன? அக்காலப் படச்சுருள் நைத்திரேற்று செலுலோசினால் ஆயது. எளிதில் தீப்பற்றுவது, தீப்பற்றாவிடினும் வெப்பமும் ஈரமும் மிக்க நாட்டில் தானே இளகிப் பிசுபிசுத்துப் பொடியாவது. சுருளின் மேற்பூச்சில் வெள்ளியுப்பு உண்டு. படம் ஓடி முடிந்தபின் அச்சுருளை வைத்திருந்தால் வாடகை, உருக்கினால் வெள்ளி. வணிகர் எதனைத் தெரிந்திருப்பரெனச் சொல்ல வேண்டுவதில்லை. பிரதிகளும் சிலவே, அவை ஊரூராகச் சென்று கீறலும் கிழிசலுமாய்த் திரும்பியவை. நூலை அச்சிட்டோர் ஒரு படியை அரசாங்கத்துக்கு அளித்தல் வேண்டுமென ஒரு சட்டம் இருந்தது. படத்துக்கு அத்தகைய பாதுகாப்பு இருக்கவில்லை. இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகம் புனாவில் நிறுவப்பட்டது 1964இல். ராஜலக்ஷ்மி அம்மையார் மறைந்த ஆண்டும் அதுவே.

இங்கே ஒரு படத்தின் கதையை இடைப்பிறவரலாகக் கூறலாம். 1933இல் எடுக்கப்பெற்ற மலையாள ஊமைப்படம் ‘மார்த்தாண்ட வர்மா’. அதன் மூலமாகிய நாவலின் பதிப்புரிமையையுடைய திருவனந்தபுரம் கமலாலயா புத்தகசாலையார், தம் இசைவின்றிப் படமெடுத்தனரென வழக்குத் தொடுத்து வென்றனர். படம் முடக்கப்பட்டது, எடுத்தவர் நட்டமடைந்தார். ஆயின் வழக்கிற் சிக்கிய படச்சுருள் புத்தகசாலையிலே கிடந்தமையால், நாற்பதாண்டு கழிந்தபின் காப்பகத்தார் அதனைக் கண்டெடுத்தனர். ஊர்தோறும் ஓடிப் புகழ்பெற்ற படங்கள் மாய்ந்தன. ஓடாத படம் பிழைத்தது. ‘மிஸ் கமலா’வுக்கு அத்தகைய வழக்கொன்று வாய்க்காமற் போனது அதன் போகூழ்.

எஞ்சியவை யாவை? பாட்டுப் புத்தகங்கள், நிழற்படங்கள், பத்திரிகை விளம்பரங்கள், விமரிசனக் குறிப்புக்கள், அம்மையாரின் எழுத்துக்கள். இவற்றுட் பாட்டுப் புத்தகம் தனித்துக் குறிப்பிடற்குரியது. அரங்கின் வாயிலிற் சிறு விலைக்கு விற்கப்பட்ட அச்சேடு அது. கதைச் சுருக்கமும் நடிகர் பெயரும் பாட்டுக்களின் இராகமும் தாளமும் மெட்டும் அதிற் காணப்படும். கதைச் சுருக்கம் பெரும்பாலும் முடிவைச் சொல்லாது, ‘மற்றவற்றை வெள்ளித்திரையிற் காண்க’ என்னும் கருத்தில் நின்றுவிடும். அக்காலத்து வணிக உத்தி இன்றைய ஆராய்ச்சியாளருக்கு முட்டுக்கட்டையாயிற்று. வெள்ளித்திரையிற் காண்பதற்கு ஒன்றுமில்லாதபோது அச்சேடு தரும் முடிவின்மையே வரலாற்றின் முடிவாகின்றது. இவற்றைக்கொண்டு கதையை அறியலாம், பாட்டை அறியலாம், உடையும் அணியும் அறியலாம். நெறியாளர் ஒருவரின் கலை எங்கே உறைகின்றதோ, அதாவது ஒரு காட்சி எவ்வளவு நேரம் நின்றது, எங்கே வெட்டப்பட்டது, முகத்தை எத்துணை அண்மையிற் காட்டினர் என்பன, அவற்றை அறிதற்கு வழியில்லை. ஆகவே அம்மையாரைச் சிறந்த நெறியாளரென்று புகழ்தலும், அல்லரென்று இகழ்தலும் ஒருங்கே ஆதாரமற்றவை. முயன்றார் என்பதும் முடித்தார் என்பதுமே உறுதி.

பின்வந்த நடிகையரின் நிலை வேறு. பி. பானுமதி அம்மையார் 1953இற் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்னும் மூன்று மொழிகளிலும் ஒருங்கே நெறிப்படுத்தினார், இரட்டை வேடமும் தாமே தாங்கினார். இசையமைத்த சி. ஆர். சுப்பராமன் இடையிற் காலமாக, எஞ்சிய பணியை எம். எஸ். விசுவநாதன் முதலியோர் நிறைவேற்றினர். படத்தைத் தயாரித்தது பரணி பிக்சர்ஸ். அவர்தம் கணவர் பி. எஸ். ராமகிருஷ்ணராவும் தாமும் நடத்திய நிறுவனம். ராஜலக்ஷ்மியிடம் இல்லாத ஒரு வலிமை பானுமதியிடம் இருந்தது. தம் மகனின் பெயரால் அமைந்த சொந்தப் படப்பிடிப்பகம். 1982இற் சிறுவர்களையே நடிக்கவைத்து ‘பக்த துருவ மார்க்கண்டேய’ என்னும் தெலுங்குப் படத்தையும் அவர் எடுத்தார். 2005இல் மறைந்த அவருக்குப் பின்னோக்குத் திரைவிழா எடுக்க விழைவோர் எதனை விடுப்பதென்றே இடர்ப்படுவர். வவுனியாவை அடுத்த நெளுக்குளத்திலுள்ள ஒரு மாணவன் ‘மலைக்கள்ள’னிலோ ‘அன்னை’யிலோ அவர் நடிப்பைத் தன் கைப்பேசியிற் கண்டுவிடலாம்.

சாவித்திரி அம்மையாரின் வரலாறு வேறொரு வகையிற் பயனுடையது. 1968இல் அவர் நெறிப்படுத்திய ‘சின்னாரி பாப்பலு’ என்னும் தெலுங்குப் படத்தின் தலைமைப் பணிகள் பலவற்றைப் பெண்களே மேற்கொண்டனர்; இசையமைத்தவர் பி. லீலா. தமிழில் 1969இற் ‘குழந்தை உள்ளம்’, 1971இற் ‘பிராப்தம்’ ஆகியன வந்தன. பெற்றது பெயர்; இழந்தது பொருள். தம் கைப்பொருளை இட்டுப் படம் ஆக்கும் நடிகை தோற்றால், நெறியாளர் தோற்றாரென்பதோடு நில்லாது வீடும் போகின்றது. ஆடவராகிய நெறியாளருட் பலர் பிறர் முதலிற் கற்றுத் தேர்ந்தவர் என்பதனை இவ்விடத்து நினைத்தல் தகும்.

ஈழத்திற் சிங்களத் திரையின் அரசியெனப் போற்றப்பெற்ற மாலினி பொன்சேகா 1968இற் ‘புஞ்சி பபா’விற் தோன்றி, 1984இற் ‘சசர சேதனா’வை நெறிப்படுத்தினார். தமிழர் அவரை 1978இற் சிவாஜி கணேசனுடன் நடித்த ‘பைலட் பிரேம்நாத்’ வாயிலாக அறிவர். 2025 மே மாதம் அவர் காலமானார். நடிகை நெறியாளராதல் என்னும் வழக்கு இந்நாட்டுக்கும் அந்நியமானதன்று.

படச்சுருள் அழிவும் இந்நாட்டுக்கு அந்நியமானதன்று. 1983 யூலைக் கலவரத்தில், கே. குணரத்தினத்துக்கு உரித்தாய் ஹெந்தளையிலிருந்த விஜயா படப்பிடிப்பகம் தீக்கிரையாயிற்று; மூலச் சுருள்கள் அங்கே எரிந்தன. அதற்கு இரண்டாண்டு முன்னர் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. 1962இற் ‘சமுதாயம்’ முதலாகத் தொடங்கிய ஈழத்துத் தமிழ்ப் படங்களுட் பலவற்றை இன்று எந்த அரங்கிலும் காட்ட இயலாது. அவற்றின் வரலாற்றைத் தம்பிஐயா தேவதாஸ் போன்றோர் பத்திரிகைத் துணுக்குகளையும் நடித்தோர் நினைவையும் கொண்டே எழுத வேண்டியதாயிற்று. போரினால் இடம்பெயர்ந்த வன்னிக் குடும்பங்கள் பல, தம் திருமண நிழற்படத்தையும் இழந்தவை. ‘மிஸ் கமலா’வைத் தேடும் ஆராய்ச்சியாளரின் நிலையை விளங்கிக்கொள்ள அவர்களுக்கு நூலறிவு வேண்டியதில்லை.

இவ்வாறாயின் ராஜலக்ஷ்மி அம்மையாருக்குப் பின்னோக்கு விழா எவ்வாறு எடுப்பது? படம் இல்லையென்று வாளாவிருத்தலும் ஆகாது. கற்பனையால் ஒரு ‘மிஸ் கமலா’வை இயற்றிக் காட்டுதலும் ஆகாது. பாட்டுப் புத்தகத்தை மேடையிலே வைத்துப் பாடலாம். ‘கமலவல்லி’யைப் படித்துக் காட்டலாம். மெட்டும் இராகமும் குறிக்கப்பட்டிருத்தலின், இசை நாடகம் பயின்றோர்க்கு இது கடினமன்று. வள்ளியையும் சந்திரமதியையும் பாடிய குரல்கள் வடபுலத்தில் இன்றும் உண்டு. திரைக்கு மேடையிலிருந்து சென்ற கலைஞரை மீண்டும் மேடைக்கே அழைத்து வருதல் முறையாகவே அமையும். அவ்வேளையில் அரங்கின் பின்சுவரில் வெண்திரையொன்று கட்டியிருத்தல் நலம். அதில் எதுவும் வீழ்த்தப்பட வேண்டுவதில்லை.